காயில் இல்லாத கரும்பொட்டு பழுத்ததும் எங்கிருந்து வருகிறது? கொழுப்பு கிருமியை அடக்குமா?

மிளகுக்கொடி (தாண்டிக்குடி)

காபிக்கு ஊடே பட்டர் ஃப்ரூட் வைத்திருப்பவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள், அதனால் கேட்கிறேன். மரத்தில் இருக்கும்வரை காயில் ஒரு பொட்டு கிடையாது. பறித்துத் தரம் பிரித்து வத்தலக்குண்டுக்கு வண்டியில் இறக்கும்போதும் சுத்தமாகத்தான் இருக்கிறது. வாங்கியவர் வீட்டில் பழுத்த மறுநாளே தோலெல்லாம் கரும்பொட்டு. வெட்டினால் சதைக்குள்ளும் இறங்கியிருக்கிறது. மழை பிடித்த வருஷத்தில் பாதிக்குப் பாதி இப்படிப் போகிறது. பெட்டியில்தான் கிருமி ஏறுகிறது, பெட்டியை மாற்று என்கிறார் வியாபாரி.

தோட்டக்கலை படிக்கும் என் அக்கா மகன் வேறு மாதிரி சொல்கிறான். கிருமி காயிலேயே உட்கார்ந்திருக்கிறதாம். தோலில் இருக்கும் ஒரு கொழுப்புச் சத்து அதை எழவிடாமல் பிடித்துவைத்திருக்கிறதாம். பழுக்கும்போது அது தீர்ந்துபோவதால்தான் பொட்டு வருகிறதாம். கொழுப்புக்கு அப்படி ஒரு வேலை உண்டா? உண்டென்றால் மனுஷனுக்கு மருந்தாகுமா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாக எழுதுங்கள்.

சோலைமரம் (உதகை)

கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்துகிறேன். உங்கள் அக்கா மகன் சொன்னது சரி.

அந்தப் பொட்டு கொலட்டோட்ரைக்கம் என்ற பூஞ்சையின் வேலை. மாம்பழத்திலும் பப்பாளியிலும் பொட்டு வைப்பதும் இதே கூட்டம்தான். மழைத்துளி தெறிக்கும்போது காய்ந்த குச்சிகளிலும் இலைகளிலும் இருக்கும் வித்துகள் பிஞ்சின் மேல் வந்து விழுகின்றன. விழுந்ததும் முளைக்கின்றன, தோலைப் பற்றிக்கொள்ள ஒரு பிடியுறுப்பையும் உண்டாக்குகின்றன. அதோடு சரி. காய் பச்சையாக இருக்கும் மாதங்கள் முழுக்க அங்கேயே முடங்கிக் கிடக்கின்றன.

முடக்கிவைப்பது தோலில் இருக்கும் டையீன் என்ற பொருள். கொழுப்பு அமிலத்தின் சாயலில் மரம் தானே செய்துகொள்ளும் நீண்ட சங்கிலி மூலக்கூறு அது. இஸ்ரேலில் டோவ் புருஸ்கியும் அவருடைய குழுவினரும் 1980-களில் இதைத் துருவித் துருவி ஆராய்ந்தார்கள். பச்சைக்காயின் தோலில் பூஞ்சையை முடக்கத் தேவையானதைவிட அதிகமாகவே டையீன் இருக்கிறது. பழுக்கப் பழுக்கச் சரிகிறது. சரிந்த கையோடு பூஞ்சை கிளம்புகிறது. அதைச் சிதைப்பது காயில் உள்ள லைப்பாக்சிஜனேஸ் என்ற நொதி. அந்த நொதியை அதுவரை அடக்கிவைத்திருப்பது எபிகேட்டச்சின் என்ற இன்னொரு பொருள். பழுக்கும்போது எபிகேட்டச்சின் குறைகிறது, நொதி கட்டவிழ்கிறது, டையீன் போகிறது, பொட்டு வருகிறது.

ஆகவே பெட்டியை மாற்றிப் பெரிய பலன் இருக்காது. பூஞ்சை மழைக்காலத்திலேயே மரத்தில் வைத்து ஏறிவிட்டது. காய்ந்த குச்சிகளைக் கவாத்து செய்து தோட்டத்தை விட்டே அப்புறப்படுத்துங்கள். காபிக்கு அடிக்கிற போர்டோ கலவை இதற்கும் உதவும். ஈரத்தோடு பறிக்க வேண்டாம். பிய்த்து இழுக்காமல் சிறு காம்பு விட்டு வெட்டுங்கள். எத்தனை முறை, எந்த அளவு என்பதைத் தடியன்குடிசை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் கேட்பது நல்லது. டி.கே.டி. 1 ரகத்தைக் கொடுத்தவர்கள் அவர்கள். உங்கள் பக்கத்து மழையும் அவர்களுக்குப் பழக்கம்.

மருந்து பற்றிய கேள்விக்கு நாளை எழுதுகிறேன். அவசரமாகச் சொல்லிவிடக்கூடிய விஷயம் இல்லை.

மேய்ச்சல்காடு (பண்ணைக்காடு)

டீச்சரம்மா, நடுவுல வந்து கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. கவாத்து பண்ணுன பட்டர் ஃப்ரூட் தழைய எங்கூர்ல ஆட்டுக்குப் போடறாங்க. குட்டி போட்ட ஆட்டுக்கு மடி வீங்கி, பால் நின்னுபோச்சுன்னு நெறைய பேரு சொல்லக் கேட்டிருக்கேன். கண்ணு பட்டுருச்சுன்னு விட்டுட்டாங்க. தோலுல இருக்கற அந்தச் சத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குங்களா?

சோலைமரம் (உதகை)

நெருங்கிய சம்பந்தம் உண்டு, அண்ணா. எல்லோரும் கவனிக்க வேண்டிய செய்தி இது.

பட்டர் ஃப்ரூட் இலையில் பெர்சின் என்ற பொருள் இருக்கிறது. அதுவும் கொழுப்பு அமிலச் சாயல் கொண்டதுதான். லினோலிக் அமிலத்தை ஒத்த அமைப்பு. பூஞ்சைக்கும் புழுவுக்கும் எதிராக மரம் வைத்திருக்கும் ஆயுதம். பால் கொடுக்கும் ஆடு தின்றால் மடியின் பால் சுரக்கும் திசுவை அது அழிக்கிறது. மடி வீங்கும், கெட்டியாகும், பால் வற்றும். கிருமியால் வரும் மடிவீக்கம் இல்லை என்பதால் அதற்குப் போடும் ஊசி இங்கே பலிக்காது. நிறையத் தின்றால் இதயத் தசையே கெட்டு ஆடு செத்துப்போகும். மாடு, குதிரை, முயல், வளர்ப்புப் பறவைகள் எதற்கும் ஆகாது. தழையை ஆட்டுக்குப் போடாதீர்கள். உதிர்ந்த இலையையும் குழி வெட்டி மூடிவிடுங்கள். மடி வீங்கினால் கால்நடை மருத்துவரிடம் ஆடு என்ன தழை தின்றது என்பதை முதலில் சொல்லுங்கள்.

மடியின் திசுவை மட்டும் தேடிப்போய் அழிப்பதால் மார்பகப் புற்றுநோய்ச் செல்களில் பெர்சினைச் சோதித்துப் பார்த்தார்கள், ஆஸ்திரேலியாவில். கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்கள் சிலவற்றை அது கொன்றது. அதற்கு மேல் போய் மருந்தாகவில்லை. யாரும் இலையைக் கொதிக்கவைத்துக் குடித்துவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

மேய்ச்சல்காடு (பண்ணைக்காடு)

ரொம்ப நன்றிங்க. இன்னைக்கே பக்கத்துப் பட்டிக்காரங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டு வந்துடறேன்.

ராத்திரி ஷிப்ட் (கோத்தகிரி)

எபிகேட்டச்சின் என்று டீச்சர் எழுதியதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தேயிலை பேக்டரியில் எங்களுக்குப் பழக்கமான பெயர். இலை வாட்டும் ட்ரஃப் பக்கம் ராத்திரி நின்றால் ஒரு பச்சை வாசனை வரும். புல் அறுத்த வயலில் வருமே, அந்த வாசனை. சி.டி.சி. மெஷினில் இலை நசுங்கும் நேரத்தில் அது இன்னும் தூக்கலாக இருக்கும். அந்த வாசனையே இலையின் கொழுப்பு உடைந்து வருவது என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். அதுவும் கிருமிக்கு எதிரானதா?

சோலைமரம் (உதகை)

ஆமாம், தம்பி. இலைச் செல்லின் சவ்வில் லினோலெனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் இருக்கிறது. இலை நசுங்கினாலோ பூச்சி கடித்தாலோ, மேலே சொன்ன லைப்பாக்சிஜனேஸ் அதன்மேல் பாய்ந்து ஆக்சிஜனை ஏற்றுகிறது, அடுத்து இன்னொரு நொதி அதை வெட்டுகிறது. அதில் பிறக்கும் ஹெக்செனால் வகைகள்தான் அந்தப் பச்சை வாசனை. காயம்பட்ட இடத்தில் பாக்டீரியாவையும் பூஞ்சையையும் தடுக்கும் குணம் அவற்றுக்கு உண்டு. அதே லினோலெனிக் அமிலத்திலிருந்து ஜாஸ்மோனிக் அமிலம் என்ற இன்னொரு பொருளையும் செடி செய்கிறது. அது எச்சரிக்கை: ஓர் இலையில் கடி விழுந்தால் மற்ற இலைகள் தற்காப்பைத் தொடங்க அதுவே சமிக்ஞை.

பட்டர் ஃப்ரூட்டில் காவலைக் கலைத்த அதே நொதி தேயிலையில் காவலை உண்டாக்குகிறது பாருங்கள். வகுப்பில் இந்த இடம் வரும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் உற்சாகம் பிறக்கும்.

கூடலூர்க்காரன் (கூடலூர்)

எல்லாம் சரி. தேங்காய் எண்ணெய்க்கு வருவோம். அதில் பாதி லாரிக் அமிலம், லாரிக் அமிலம் கிருமியைக் கொல்லும், தினமும் இரண்டு கரண்டி குடித்தால் ஆன்டிபயாட்டிக்கே வேண்டாம் என்று வீடியோக்கள் ஓடுகின்றன. கோவிட் நேரத்தில் மோனோலாரின் மாத்திரை என்று ஒன்றை நல்ல விலைக்கு வாங்கி விழுங்கியவர்கள் எங்கள் ஊரிலும் உண்டு. இதில் எவ்வளவு உண்மை?

சோலைமரம் (உதகை)

இதுதான் மிளகுக்கொடி கேட்ட கேள்வியும். பொறுமையாகப் படியுங்கள்.

தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம் என்பது உண்மை. 12 கார்பன் நீளமுள்ள அந்த அமிலம் ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்களைக் கொல்வதும் உண்மை. ஜான் கபாரா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் ஒவ்வொரு நீளத்துக் கொழுப்பு அமிலத்தையும் எடுத்துச் சோதித்தார். நிறைவுற்ற அமிலங்களில் இந்த 12 கார்பன் அமிலம்தான் முந்திநின்றது. அதைக் கிளிசராலோடு ஒற்றையாக இணைத்த மோனோலாரின் இன்னும் வீரியமாக இருந்தது. ஐஸ்லாந்தில் ஹால்டோர் தோர்மர் 10 கார்பன் உறவான மோனோகாப்ரினை வைத்து நீண்டகாலம் உழைத்தார். இவை கிருமியின் மேல்சவ்வுக்குள் நுழைந்து அதைக் குலைக்கின்றன. உள்ளிருப்பது வெளியே கசிந்து கிருமி சாகிறது. கொழுப்பு உறை போர்த்த வைரஸ்கள் இதனால் அழியும். உறையில்லாத போலியோ, ரோட்டா வைரஸ்களுக்கு ஒன்றும் ஆகாது. ஈ. கோலை போன்றவற்றின் வெளிச்சுவர் வேறு வகை என்பதால் அவையும் பெரும்பாலும் தப்பிவிடும்.

ஆனால் எண்ணெயாக இருக்கும்போது லாரிக் அமிலம் தனியாக இல்லை. மும்மூன்று அமிலங்களாகக் கிளிசராலில் கட்டுண்டு கிடக்கிறது. கட்டிப்போட்ட மாடு முட்டாது. லைப்பேஸ் என்ற நொதி வந்து அவிழ்த்துவிட்டால்தான் அதற்கு அந்தக் குணம் வரும். குடித்தால் குடலில் அவிழ்கிறது, உண்மைதான். உடனே குடலே அதை உறிஞ்சி எரிபொருளாக அனுப்பிவிடுகிறது. ரத்தத்துக்குள் போனதும் ஆல்புமின் என்ற புரதம் கொழுப்பு அமிலத்தை இறுகப் பற்றிக்கொள்ளும். நுரையீரலிலோ சிறுநீரகத்திலோ இருக்கும் கிருமியைப் போய்ச் சேருவதற்குத் தனியாக எதுவும் மிஞ்சாது. அளவைக் கூட்டினால் நம் செல்களின் சவ்வும் அதே கொழுப்பால் ஆனதுதானே, அதுவும் குலையும்.

ஆகவே கொழுப்பின் காவல் மேற்பரப்புகளில்தான்: காயின் தோல், மனுஷத் தோல், பால் குடிக்கும் குழந்தையின் வயிறு. அந்த இடங்களில் அது மெய்யாகவே கிருமியைத் தடுக்கிறது. உள்ளே போய் நோயை விரட்டும் என்று எண்ணெயைக் குடிப்பவர்கள் காய்ச்சலோடு நாளைக் கடத்துகிறார்கள். எனக்குக் கவலை தருவது அதுதான்.

பழைய நர்ஸ் (குன்னூர்)

டீச்சர் சொன்ன தோலையும் குழந்தை வயிற்றையும் பற்றி நான் எழுதுகிறேன். பிரசவ வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள்.

பிறந்த குழந்தையின் உடம்பில் வெண்ணெய் பூசினாற்போல் ஒரு வெள்ளைப் படிவு இருக்கும். அழுக்கு என்று நினைத்துப் பாட்டிமார் உடனே தேய்த்துக் கழுவச் சொல்வார்கள். கழுவாதீர்கள். அதில் கொழுப்பு அமிலங்களும் கிருமியை எதிர்க்கும் புரதங்களும் இருக்கின்றன. உடம்புச் சூடும் வெளியேறாமல் நிற்கும். முதல் குளியலை 24 மணி நேரம் தள்ளிப்போடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் மலைக்குளிரில் இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

தாய்ப்பாலின் கொழுப்பும் அப்படித்தான். குழந்தையின் வயிற்றில் சுரக்கும் லைப்பேஸும் பாலிலேயே இருக்கும் லைப்பேஸும் சேர்ந்து அதைப் பிரிக்கின்றன. பிரிந்து வரும் கொழுப்பு அமிலங்களும் மோனோகிளிசரைடுகளும் உறையுள்ள வைரஸ்களையும், வயிற்றுப்போக்கு தரும் ஜியார்டியா என்ற ஒட்டுண்ணியையும் கொல்வதை ஆய்வகங்களில் பார்த்திருக்கிறார்கள். கறந்தவுடன் இல்லாத குணம் செரிக்கும்போது வருகிறது.

பெரியவர்களின் தோலில் எண்ணெய்ப்பசை சுரக்கிறதே, அதில் சேபியனிக் அமிலம் என்று ஒன்று உண்டு. மனுஷத் தோலுக்கென்றே அமைந்தது என்று சொல்லலாம். ஸ்டஃபைலோகாக்கஸுக்கு அது ஆகவே ஆகாது. கரப்பான் உள்ளவர்களின் தோலில் இது குறைந்திருக்கிறது, அதே தோலில் அந்தக் கிருமி மண்டியும் கிடக்கிறது.

பூம்பாறை வீடு (பூம்பாறை)

அக்கா, என் பையனுக்கு எட்டு மாசம். தினமும் தேங்காய் எண்ணெய் தேய்த்துத்தான் குளிப்பாட்டுகிறோம். மாமியார் மூக்கிலும் காதிலும் இரண்டு சொட்டு விடச் சொல்கிறார்கள், சளி பிடிக்காதாம். முழங்கை மடிப்பில் அவனுக்குக் கரப்பான் மாதிரி சிவந்து சொறசொறவென்று இருக்கிறது. எண்ணெய் நல்லதா, கெட்டதா?

பழைய நர்ஸ் (குன்னூர்)

தோலில் தேய்ப்பது சரிம்மா. மூக்கில் விடவே கூடாது. இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். எண்ணெய் மூச்சுக்குழாயில் இறங்கினால் இருமல்கூட வராது, சத்தமில்லாமல் நுரையீரலுக்குப் போய்த் தங்கிவிடும். நுரையீரலால் அதைக் கரைக்க முடியாது. எண்ணெய் நிமோனியா வரும். தென்னிந்தியக் குழந்தைகளில் இந்த வழக்கத்தால் வந்த நிமோனியாவை மருத்துவர்கள் பல காலமாக எழுதிவருகிறார்கள். மாமியாரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அடுத்த தடுப்பூசி நாளில் அவர்களையும் கூட்டிப்போய் டாக்டர் வாயாலேயே சொல்ல வையுங்கள்.

கரப்பானுக்கு வருவோம். பிலிப்பைன்ஸில் கரப்பான் உள்ள பெரியவர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2008-ல் வெளியானது. நான்கு வாரம் ஒரு பகுதியினர் பச்சைத் தேங்காய் எண்ணெயும் மற்றவர்கள் ஆலிவ் எண்ணெயும் பூசினார்கள். தேங்காய் எண்ணெய் பூசியவர்களில் முதலில் 20 பேர் தோலில் ஸ்டஃபைலோகாக்கஸ் இருந்தது. முடிவில் ஒருவரிடம் மட்டும் மிஞ்சியது. ஆலிவ் பக்கம் 12 பேரில் 6 பேரிடம் அப்படியே இருந்தது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் தோலின் மேல் எண்ணெய்க்கு வேலை உண்டு என்று காட்டுகிறது. டாக்காவில் குறைமாதக் குழந்தைகளுக்கு ஆஸ்பத்திரியில் வைத்தே சூரியகாந்தி எண்ணெய் தடவிப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரியில் பிடிக்கும் தொற்றுகள் 41 சதவீதம் குறைந்தன. கிருமியைக் கொன்றதால் என்பதைவிட மெல்லிய தோலின் தடுப்பை எண்ணெய் பலப்படுத்தியதால் என்றே அதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் பையனுக்குக் குளித்து ஒற்றிய ஈரத்தோலில் மெல்லிசாகத் தடவுங்கள். நீர் கசிந்தாலோ, மஞ்சள் பொருக்கு கட்டினாலோ எண்ணெயை நிறுத்திவிட்டுத் தோல் டாக்டரிடம் போங்கள்.

பூம்பாறை வீடு (பூம்பாறை)

மூக்கில் விடுவதை இன்றோடு நிறுத்தியாச்சு அக்கா. ரொம்ப நன்றி. எனக்குப் பொடுகு இருக்கிறது, அதற்கும் தேங்காய் எண்ணெய் வைக்கலாமா?

சோலைமரம் (உதகை)

பொடுகுக்கும் தேமலுக்கும் காரணமான மலசேசியா என்ற பூஞ்சைக்குக் கொழுப்புதான் சாப்பாடு. தனக்கு வேண்டிய கொழுப்பு அமிலத்தை அதனால் செய்துகொள்ள முடியாது, நம் தலையிலிருந்து எடுத்துக்கொள்கிறது. எண்ணெய் வைத்து ஊறவிட்டால் பொடுகு கூடத்தான் செய்யும். கொழுப்பு என்றால் எல்லாக் கிருமிக்கும் எதிரி என்று நினைத்துவிடக் கூடாது. மருந்து ஷாம்பு போட்டுக் குளித்து, பொடுகு அடங்கிய பிறகு எண்ணெய் வையுங்கள்.

தைலக்கடை (உதகை)

சேரிங் கிராஸ் பக்கம் கடை வைத்திருக்கிறோம். சளிக்கு நீலகிரித் தைலம், மூட்டுவலிக்கு கோல்தேரியா தைலம் என்று தினமும் விற்கிறேன். இவையும் கிருமியைக் கொல்லும் என்பார்கள். நீங்கள் பேசும் கொழுப்புக் கணக்கில் இவை வருமா?

சோலைமரம் (உதகை)

வராது, சார். வெள்ளைக் காகிதத்தில் ஒரு சொட்டு தைலமும் ஒரு சொட்டு நல்லெண்ணெயும் விட்டுப் பாருங்கள். தைலக்கறை கொஞ்ச நேரத்தில் பறந்துவிடும், நல்லெண்ணெய்க் கறை நிற்கும். 1843 முதல் இந்த மலையில் வளரும் யூகலிப்டஸின் தைலத்தில் பெரும்பங்கு சினியோல் என்ற எளிதில் ஆவியாகும் பொருள். கோல்தேரியாவில் மெத்தில் சாலிசிலேட். ஆஸ்பிரின் குடும்பத்தைச் சேர்ந்தது. கிருமியை எதிர்க்கும் குணம் யூகலிப்டஸ் தைலத்துக்கு உண்டு, ஆனால் கொழுப்புக்கும் அதற்கும் உறவில்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வாங்கிப்போகிறவர்களிடம் இரண்டையும் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். யூகலிப்டஸ் தைலம் சில மில்லி உள்ளே போனாலே குழந்தைக்கு வலிப்பு வரலாம். கோல்தேரியா அதைவிட ஆபத்து. ஒரு தேக்கரண்டியே சின்னக் குழந்தையின் உயிரை எடுத்துவிடும்.

தைலக்கடை (உதகை)

சரிங்க டீச்சர். கல்லாவுக்கு மேலே எழுதியே ஒட்டிவிடுகிறேன்.

சுவடிநிழல் (பழனி அடிவாரம்)

சித்த மருத்துவம் பார்ப்பவன். கொழுப்பை மருந்தாக்க முடியுமா என்று ஆரம்பத்தில் ஒருவர் கேட்டார். முடியும், எப்போதோ ஆக்கியாயிற்று. நீரடிமுத்து எண்ணெயை ஏன் யாரும் சொல்லவில்லை? குட்டத்துக்கும் தோல் நோய்க்கும் நம் முன்னோர் கொடுத்தது. மேற்குத்தொடர்ச்சி மலையின் ஓடைக்கரைகளில் தானாக வளரும் மரம். நம்முடையதை நாமே மறந்துவிட்டு வெளிநாட்டு ஆய்வுகளை மட்டும் பேசுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கூடலூர்க்காரன் (கூடலூர்)

எங்கள் பக்கம் ஆற்றோரத்தில் நிறைய உண்டு ஐயா. மரோட்டி என்போம். 2019-ல் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தார்களே தமிழ் மறவன், அதன் புழு தின்பது இந்த மர இலையைத்தான்.

சோலைமரம் (உதகை)

சுவடிநிழல் ஐயா, நீங்கள் எடுத்துக்கொடுத்தது நல்லதாயிற்று. கொழுப்பு மருந்தாக ஊசிக்குள் ஏறிய பெரிய கதை அதுதான்.

அந்த எண்ணெயின் கொழுப்பு அமிலங்கள் அபூர்வமானவை, சங்கிலியின் நுனியில் ஐந்து கார்பன் வளையம் ஒன்று உண்டு. லண்டனில் பிரெடரிக் பவர் 1904-ல் அந்த வகை அமிலத்தை முதன்முதலில் பிரித்தெடுத்தார். வாயால் கொடுத்தால் குமட்டல். எண்ணெயாகவே ஊசி போட்டால் கரையாமல் கட்டி கட்டியாக நின்று வலி உயிர் போகும். ஹவாயில் ஆலிஸ் பால் என்ற கறுப்பின இளம்பெண் அந்த அமிலங்களை எத்தில் எஸ்டராக மாற்றி, உடம்பு ஏற்கும் ஊசியாக்கினார். 1916-ல் 24 வயதில் அவர் இறந்துபோனார். அவர் கல்லூரியில் மேலே இருந்தவர் அந்த முறையைத் தன் பெயரில் வெளியிட்டுக்கொண்டார். ஆலிஸின் பெயர் வெளியே வரப் பல பத்தாண்டுகள் ஆயின. அதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனசு கனக்கிறது.

1940-கள் வரை உலகம் முழுக்கத் தொழுநோய்க்கு இதுவே மருந்து. சிலருக்குக் குணம் தெரிந்தது, பலருக்கு நோய் திரும்பியது. சல்ஃபோன் மருந்துகள் வந்ததும் இது பின்வாங்கியது. நம் செங்கல்பட்டு திருமணி மருத்துவமனையில் ராபர்ட் காக்ரேன் அந்த வகை மருந்தான டாப்சோனைக் கொடுத்துப் பார்த்ததும் அந்தப் பத்தாண்டில்தான். 1982 முதல் கூட்டு மருந்து முறை. 1995 முதல் உலகெங்கும் இலவசம், குணமாகும். ஐயா, உங்களிடம் உணர்ச்சியற்ற தேமலோடு வருபவர்களுக்கு எண்ணெய் கொடுத்து அனுப்பாதீர்கள். அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள். நரம்பு கெட்டுப்போனால் திரும்பாது.

சுவடிநிழல் (பழனி அடிவாரம்)

அப்படி வருபவரை நான் நிறுத்தி வைப்பதில்லை, அம்மா. அரசு மருத்துவமனைக்குத்தான் அனுப்புகிறேன். என் ஆதங்கம் வேறு. ஒரு மருந்தின் வேர் இங்கே இருந்தது, அதை ஆராய்ந்து அடுத்த படிக்குக் கொண்டுபோகும் ஆட்கள் இங்கிருந்தே வந்திருக்க வேண்டாமா?

சோலைமரம் (உதகை)

வந்திருக்க வேண்டும். இனியாவது வரட்டும் என்றுதான் பிள்ளைகளுக்கு இதை நடத்துகிறேன்.

அடுத்த படி எது என்றும் சொல்லிவிடுகிறேன். தனிக் கொழுப்பு அமிலம் ரத்தத்தில் தோற்றாலும், புரதத் தலையோடு இணைந்த கொழுப்பு வால் ஜெயித்திருக்கிறது. மண் பாக்டீரியாக்கள் தங்கள் போட்டியாளர்களைக் கொல்ல அப்படிச் செய்துவைத்திருக்கின்றன. 2003-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டாப்டோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கில் 10 கார்பன் வால். கடைசிக் கட்ட மருந்தான கோலிஸ்டினிலும் கொழுப்பு வால் இருக்கிறது. அதை வெட்டிவிட்டால் கொல்லும் சக்தி போய்விடும். கோழித் தீவனத்தில் கோலிஸ்டினைக் கலந்து வீணடித்ததால் 2019-ல் மத்திய அரசு கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தது. மிகச் சரியான முடிவு.

எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். காசநோய்க் கிருமி தன்னைச் சுற்றி மைக்கோலிக் அமிலம் என்ற மிக நீண்ட கொழுப்பு அமிலங்களால் மெழுகுச் சுவர் கட்டிக்கொள்கிறது. 1952-ல் வந்த ஐசோனியசிட் என்ற காசநோய் மருந்து அந்த மெழுகைச் செய்யவிடாமல் தடுப்பதால்தான் வேலை செய்கிறது. மோனோலாரின் கதையும் முடிந்துவிடவில்லை. 2009-ல் மினசோட்டா ஆய்வாளர்கள் அதைக் களிம்பாக்கிப் பெண் குரங்குகளுக்குத் தடவி, எய்ட்ஸ் குடும்பத்து வைரஸ் தொற்றாமல் காத்தார்கள். மனிதருக்கான மருந்தாக வரவில்லை. அங்கேயும் பலன் கிடைத்தது மேற்பரப்பில்தான் என்பதைக் கவனியுங்கள்.

ராத்திரி ஷிப்ட் (கோத்தகிரி)

எங்கள் லைன் வீடுகளில் மழைக்காலம் முழுக்கப் பெண்களுக்குச் சேற்றுப்புண். ஈரக் காட்டிலேயே நாள் முழுக்க நிற்கிறார்கள். அதற்கு இந்த வகையில் ஏதாவது உண்டா?

பழைய நர்ஸ் (குன்னூர்)

உண்டு தம்பி. விளக்கெண்ணெயைச் சூடாக்கிச் சிதைத்து எடுக்கும் அன்டிசைலினிக் அமிலம் என்று ஒன்று, 11 கார்பன். 1940-களிலிருந்து சேற்றுப்புண் களிம்புகளில் இருக்கிறது. இப்போது அதைவிட வேகமான பூஞ்சை மருந்துகள் வந்துவிட்டன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். விளக்கெண்ணெயை அப்படியே பூசினால் அந்தப் பலன் கிடைக்காது. ராத்திரி விரலிடுக்கை நன்றாகத் துடைத்து உலரவிட வேண்டும். பூட்ஸ் கொடுக்கச் சொல்லி நிர்வாகத்தைக் கேட்பது உங்கள் உரிமை.

இன்னொன்றைச் சொல்லாமல் இந்த இழையை விட எனக்கு மனசு வரவில்லை. கொழுப்பு அமிலத்தால் ஆன மிகச் சிறந்த மருந்து ஒவ்வொருவர் வீட்டிலும் இருக்கிறது: சோப்பு. எண்ணெயைக் காரத்தோடு சேர்த்துக் கட்டவிழ்த்ததுதானே அது. ரேபிஸ் வைரஸ் கொழுப்பு உறை போர்த்தது. நாய் கடித்த உடனே சோப்பும் ஓடும் தண்ணீருமாக 15 நிமிடம் கழுவினால் அந்த உறை குலைந்து, காயத்தில் இருக்கும் வைரஸில் பெரும்பகுதி அங்கேயே ஒழியும். 1907 முதல் பாஸ்டர் நிறுவனம் இருக்கும் ஊர் எங்கள் குன்னூர். இங்கேயே கடித்த இடத்தில் சுண்ணாம்பும் மிளகாய்ப்பொடியும் வேப்பெண்ணெயும் அப்பிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ராத்திரி ஷிப்ட் (கோத்தகிரி)

விலை குறைந்த சோப்பு போதுமா அக்கா? சோப்பு உறையில் டி.எஃப்.எம். 76 சதவீதம், 60 சதவீதம் என்று போட்டிருக்கிறதே.

பழைய நர்ஸ் (குன்னூர்)

அது சோப்பில் கொழுப்புப் பொருள் எவ்வளவு என்ற கணக்கு. 76-ம் அதற்கு மேலும் இருந்தால் முதல் தரம். கடிவாயைக் கழுவ எந்தச் சோப்பானாலும் போதும், துணி சோப்பானாலும் சரி. நேரம்தான் முக்கியம்.

ராத்திரி ஷிப்ட் (கோத்தகிரி)

அப்படியென்றால் லைன் வீட்டுக் குழாயடியில் ஒட்டுவதற்குச் சுருக்கமாக எழுதிக் கொடுங்கள். பேக்டரி ஆபீசில் பிரிண்ட் எடுத்துக்கொள்கிறேன்.

பழைய நர்ஸ் (குன்னூர்)

இப்படிப் போடுங்கள்:

நாய், பூனை, குரங்கு கடித்தாலோ பிராண்டினாலோ உடனே இந்தக் குழாயைத் திறந்து சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவவும். காயத்தில் எண்ணெய், மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்கக் கூடாது. துணியால் இறுக்கிக் கட்டக் கூடாது. அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போடவும், இலவசம். 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் வரச் சொல்வார்கள். ஒன்றையும் விடக் கூடாது. ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் தனி ஊசியையும் கேட்டு வாங்கவும்.

கீழே 108 எண்ணையும் பெரிதாகப் போடுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு, பக்கத்தில் குழாயும் சோப்பும் படமாக வரைந்துவிடுங்கள்.